பல்லியின் பெயரில் ஒரு மேசை

மார்ச் 3

தம்பிக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்ததும் நலமா என்று கேட்டால் நீ நம்பவும் மாட்டாய்.

உன் கம்பெனியின் வெப்சைட்டில் நான் பதினோரு பொய் அக்கவுன்ட் வைத்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "கடைசி வரி தெரியுதா, பொய் சொல்லாம சொல்லுங்க" என்று கேட்பதுதான் பிழைப்பு. முதல் அக்கவுன்ட் என் மாமனார் பெயரில். உயிரோடு இருந்தவரை ரேடியோவைக்கூடத் தானாகத் திருப்பத் தெரியாத மனிதர். செத்து ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு ஈமெயில் விலாசம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மாமியார், எதிர்வீட்டு டெய்லர், டெய்லரின் செத்துப்போன அண்ணன் என்று போய், பதினோராவதுக்கு ஆளே கிடைக்கவில்லை. ஹாலில் டியூப்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற பல்லிக்குப் பிறந்த தேதி எழுதிப் பதிவு செய்தேன். என்ன பெயர் வைத்தேன் என்று மட்டும் கேட்காதே.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே என் முட்டாள்தனம் பிடிபடுகிறது. சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐந்து பேர் விளையாடுகிறோம். நான் கதையை நடத்துவேன்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள்; ஜெயிப்பதும் சாவதும் பகடை சொல்கிறபடி. வரைபடம், பகடை, பாத்திரங்களின் தாள்கள் எல்லாமே உங்கள் வெப்சைட்டில்தான்; ஒவ்வொரு குழுவுக்கும் அங்கே ஒரு மேசை. அதற்கு வேண்டிய விதிப் புத்தகங்களை நான் மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கியபோது, "ஒருமுறை வாங்கினால் என்றென்றும் உங்களுடையது" என்று போட்டிருந்தீர்கள். பிறகு ஒருநாள் நோட்டீஸ் வந்தது. புத்தகம் என்னுடையதுதானாம். ஆனால் என் மேசையில் உட்காருகிற மற்றவர்கள் அதைத் திறக்க வேண்டுமென்றால் நான் மாதாமாதம் மேல்தட்டுச் சந்தா கட்ட வேண்டுமாம். கீழே உன் பிரிவின் பெயர்.

உடனே போன் போட்டு, "சொந்த அக்கா வீட்டுக்கே டிக்கெட் கிழிக்கிறியாடா" என்று கத்தினேன். உன் கம்பெனிக்கு இனி ஒரு காசு தரமாட்டேன் என்று சபதமும் போட்டேன். சபதம் போடுவதற்குச் சந்தா கிடையாது பார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு புதுத் திட்டம் வந்தது. மேசைக்கு ஒரு சின்னக் கட்டணம், உட்காருகிற எல்லோருக்கும் எல்லாப் புத்தகமும், முதல் மாதம் இலவசம். நல்ல திட்டம். சபதம் குறுக்கே நின்றது. ஆனால் இலவசத்துக்குச் சபதம் தடையில்லையே. மாதம் முடிகிற அன்று மேசையை இன்னொரு அக்கவுன்டுக்குக் கைமாற்றி விடுவேன். அதற்கு ஒரு பொத்தானே இருக்கிறது. மாமனார் மாமியாருக்குக் கொடுத்தார், மாமியார் டெய்லருக்குக் கொடுத்தார்.

போன வாரம் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டீர்கள். மேசை பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் அடையாள அட்டையைக் காட்டி முழுச் சந்தா கட்டினால் திறப்பீர்களாம். சந்தாவைக் கட்டிவிடுகிறேன், சபதம் போகட்டும். பல்லியின் அடையாள அட்டைக்கு எங்கே போவேன்?

இவ்வளவு கெஞ்சுவது எனக்காக இல்லை. உன் அத்தானுக்காக. பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். கை பாதி திரும்பிவிட்டது. நாக்கு மட்டும் தடித்துப்போய் நிற்கிறது. பேசப் பேசத்தான் சரியாகும் என்றார் டாக்டர். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவராக இருந்து, ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில் வெறும் தொண்டையால் நாற்பது பஸ்ஸைக் கிளப்பிய ஆள். ஒருநாள் மருந்துக் கடைக்காரர் மூன்று தடவை "என்ன சொல்றீங்க, புரியலைங்களே" என்று கேட்டார். அன்றைக்கு மூடிய வாய். வீட்டில் தலையாட்டல்தான், சைகைதான்.

சனிக்கிழமை மட்டும் அவர் பாலத்தைக் காவல் காக்கும் கல்பூதம். இடது கை விரல் ஒன்றால் தட்டித் தட்டி ஒரு வரி எழுதுவார். "யாரது. காசைக் கீழே வை" என்பது போல. (உன் கம்பெனியில் வேலைக்குச் சேரத் தகுதியான பூதம்.) போன மாதம் கதையில் டெய்லரின் பாத்திரம் செத்த அண்ணனை நினைத்து அழுதுகொண்டு பாலத்துக்கு வந்தது. அத்தான் வெகுநேரம் தட்டினார். "நில். எனக்கும் ஒருவன் இருந்தான். நன்றாகப் பேசுவான். போய்விட்டான்."

கதையை நடத்துகிறவள் நான்தான் அடுத்த வரி சொல்ல வேண்டும். எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அவர் வாயிலிருந்து வருகிறதெல்லாம் அந்த மேசையில்தான் இருக்கிறது. உன்னால் திறக்க முடியுமா?

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்தது என் தவறு. பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன சார், வீட்ல ஏதாவது விசேஷமா" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், பல்லி விழுந்திருக்கு" என்றேன். எந்தப் பக்கம் விழுந்தது என்று பலன் சொல்லத் தயாராகிவிட்டார்.

நீ திட்டிய நோட்டீஸை நான் எழுதவில்லை. என் பிரிவின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். நீ நல்ல திட்டம் என்கிறாயே, அந்த மேசைக் கட்டணம், அதை எழுதியது நான். நீ போனில் கத்திய மறுநாள் ஆரம்பித்தேன். ஒரு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒருத்தியின் தலையில் முழுச் செலவையும் கட்டுவது நியாயமில்லை என்று ஆறு கூட்டங்களில் பேசினேன். கடைசியில் ஒரே ஊரில், ஒரே வருஷம் சோதித்துப் பார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டபோது உன் ஊரைச் சொன்னேன்.

நிபந்தனை ஒன்றுதான். இலவச மாதத்தை எடுப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேராவது பிறகு காசு கட்டித் தங்க வேண்டும். தங்கினால் எல்லா ஊருக்கும் திட்டம் போகும். எண்ணூற்று முப்பது பேர் எடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேர் தங்கியிருக்க வேண்டும். நாற்பத்தொரு பேர் தங்கினார்கள்.

"ஒரே ஒரு ஆள்தான் சார் குறையுது" என்றேன். மேனேஜர், "ஒரு மார்க்குல போனாலும் ஃபெயில் ஃபெயில்தானே தம்பி" என்றார்.

உன் பதினொன்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். எண்ணூற்றுப் பத்தொன்பது. அதற்கு நாற்பத்தொன்று போதும். நீ சின்ன வயதிலிருந்து என்னைக் கணக்கில் மக்கு என்பாய், அதனால் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். நான்கு தடவையும் போதும்.

இப்போது என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உன் பல்லியின் மனு என் மேசைக்குத்தான் வந்திருக்கிறது. திறக்க முடியாது. யார் எதைத் திறந்தார்கள் என்று ஒவ்வொன்றும் பதிவாகும்.

இதெல்லாம் போகட்டும். அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? சந்தாவுக்குச் சண்டை போட என் நம்பர் ஞாபகம் இருந்தது. இதற்கு இல்லை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

திட்டம் உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொன்னால் நீ இன்னும் வருத்தப்படுவாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் நீ வருவாய். வந்து அவர் எதிரில் உட்கார்ந்து "என்ன அத்தான், எப்படி இருக்கீங்க" என்பாய். அவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்ப்பார். அதை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கோபம் வசதியாக இருந்தது. கதவைச் சாத்தி வைக்க ஒரு காரணம்.

சனிக்கிழமை வெறும் காகிதத்தில் விளையாடிப் பார்த்தோம். டெய்லர், டெய்லரின் மருமகள், என் கடைக்கு மாடியில் இருக்கும் பல் டாக்டர் மூவரும் நேரில் வந்தார்கள். டெய்லர் ரவிக்கை அளவு எழுதும் நோட்டில் வரைபடம் போட்டு வந்திருந்தார். மலைக்குப் பக்கத்தில் யாருடைய தோள் அளவோ இருந்தது. பகடையை அத்தான் கையில் வைத்தேன். நழுவி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. டாக்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி நழுவியது. இந்தத் தடவை யாரும் குனியவில்லை. குனிந்தால் தப்பாகிவிடுமோ என்று நாலு பேரும் நினைத்தோம் போலிருக்கிறது.

"பூதம் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் மருமகள். நல்ல பெண், அவளுக்கு மெதுவாகக் கேட்கத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாலத்தில் யாரும் இல்லை, எல்லோரும் காசு வைக்காமல் கடந்து போனார்கள். அதற்கு மேல் கதை ஓடவில்லை.

இதனோடு ஒரு கடிதம் இருக்கிறது, உன் மேலதிகாரிகளுக்கு. பதினோரு அக்கவுன்டும் என்னுடையவை என்று பெயர், தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பல்லியின் பெயரும் இருக்கிறது; படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. அதைக் கொண்டுபோய்க் கொடு. உன் நாற்பத்தொன்று போதும் என்று ஆகட்டும்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

உன் வாக்குமூலம் ஆறு நாளாக என் டிராயரில் இருக்கிறது. மேலே பஞ்ச் மெஷினை வைத்திருக்கிறேன், பறந்துவிடும் என்பது போல.

பல்லியின் பெயரைப் படித்தேன். என் பெயரை வைத்திருக்கிறாய். சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

கொடுக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன். பொய் அக்கவுன்ட் என்று உரியவரே ஒப்புக்கொண்டால், அதன் கீழ் உள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பது விதி. பூட்டி வைப்பது வேறு, அழிப்பது வேறு. மேசையோடு நீ கைமாற்றிய புத்தகங்கள் போகும். மேசை போகும். அத்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியதெல்லாம் போகும். திரும்ப எடுக்கிற வழி கிடையாது.

கொடுக்காவிட்டால் மேசை பூட்டியபடியே இருக்கும், ஆனால் இருக்கும். என்றைக்காவது விதி தளரலாம். இந்தக் கம்பெனியில் விதியைத் தவிர எல்லாம் மாறாமல் இருக்கும்.

திட்டம் தோற்றது தோற்றதாக இருக்கட்டும். புகார்ப் பிரிவு ஒன்றும் மோசமில்லை. ஊரெல்லாம் நம்மைத் திட்டும்போது அக்கா திட்டியது உறைப்பது குறைகிறது. என் கதிக்காக அத்தானின் பேச்சை அழிக்கிற பாவம் எனக்கு வேண்டாம். அது உன்னுடையதுகூட இல்லை அக்கா, அவருடையது. அவரைக் கேட்டாயா?

வழக்கம்போல நீயே முடிவு செய்திருப்பாய்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

கேட்கவில்லைதான். சரியான இடத்தில் குத்தினாய். இந்த இரண்டு வருஷமாக அவருக்கு என்ன சட்டை, என்ன மாத்திரை, எந்தப் பக்கம் படுப்பது எல்லாம் நானே பேசி, நானே பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் வருகிறவர்களிடம் எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன். வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

நேற்று லீவு போட்டேன். உன் இரண்டு கடிதங்களையும் என் வாக்குமூலத்தின் நகலையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க. நான் வாயத் திறக்கல" என்றேன். முப்பது வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் சொல்வது முதல் தடவை என்பதால் அவர் முதலில் என்னைத்தான் படித்தார்.

மெதுவாகப் படித்தார். மாமனாருக்கு ஈமெயில் வாங்கிய இடத்தில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. உன் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தினார். எண்ணூற்று முப்பது, நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நேரம் குறித்த ஆளில்லையா, எண்ணைப் பார்த்தால் விடமாட்டார்.

"அழிஞ்சிட்டா திரும்ப வராதாம்" என்றேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லி இருபது நிமிஷம் தாங்கினேன், அதுவே சாதனை.

பென்சில் கேட்டார், சைகையில். இடது கையால், என் வாக்குமூலத்தின் கீழேயே, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் சாய எழுதினார். "கொடு. அவன் பாவம்."

பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். தனக்கு மிச்சமிருந்த பேச்சை உனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் ஜன்னலில் பஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சபதம் சபதம் என்று பதினோரு மாதம் திருடிக் காப்பாற்றியதை, மூன்று வார்த்தையில் விட்டுவிட்டார். பெரிய மனசு என்று ஊரில் சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று நேற்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கொடுத்துவிடு. இனி எங்கள் வீட்டுக்குச் சத்தம் நான் மட்டும்தான். பழகிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "இந்த பதினோராவது பேரு உங்க பேரு மாதிரி இருக்கே" என்றார். "பல்லிங்க சார்" என்றேன்.

பதினொன்றையும் தள்ளிவிட்டு மறுபடி எண்ணினார்கள். திட்டம் தேறியது. அடுத்த மாதம் எல்லா ஊருக்கும் போகிறது. என்னைப் பழைய பிரிவுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மேசை வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அழிந்தது. அழிக்கும் முன் உரியவர் கேட்டால் எழுத்துப் பதிவை அச்செடுத்துத் தரலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது; உன் சார்பில் நானே கேட்டு வாங்கினேன். உன் வாக்குமூலமே உரியவர் யார் என்பதற்குச் சாட்சி. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். அத்தானின் வரிகள் எல்லாம் இருக்கின்றன. டிராயரில் வைத்துப் படிக்கத் தொடங்கி, பாதியில் மூடிவிட்டேன். அது எனக்கு எழுதியதில்லை. வரும் சனிக்கிழமை நானே கொண்டு வருகிறேன். அவர் சுவரைப் பார்த்தால் நானும் கூட உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். நீ வாசலில் நின்று அழாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

இன்னொன்று இருக்கிறது. ஒருவர் அக்கவுன்டைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது என் வேலைக்கு ஆகாது. நேற்றுவரை சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மறுபடி எண்ணும்போது, காசு கட்டித் தங்கிய நாற்பத்தொரு பேரும் நிஜ ஆட்கள்தானா என்று ஒவ்வொருவராகச் சரிபார்க்கச் சொன்னார்கள். பத்தொன்பதாவது ஆளின் விலாசம் உன் விலாசம். அத்தான் பெயர்தான், அடையாள அட்டையும் சரியாக இருக்கிறது. நீ மாமனார் பெயரில் ஆரம்பிப்பதற்கு ஒன்பது நாள் முன்பே சேர்ந்திருக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறார்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு மேசை, நீ கடையில் இருக்கும் நேரம். கதையை நடத்துவது அவர்தான். வேறு வேறு ஊர்களிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். எழுத்தில் இல்லை, குரலில் விளையாடுகிறார்கள். வருஷ முடிவில் அந்த நான்கு பேரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறோம். அவர் பூதத்துக்குக் குரல் கொடுப்பது தத்ரூபம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நான்காவது ஆள் மட்டும் ஒரு குறை பதிந்திருக்கிறார்: அதிகம் பேசுகிறார்.

தம்பி